மனுப் போட்டு வாங்கும் மதில்!

"ஆண்டவன் வீட்டுக்கு ஆயுதக் காவலா? எல்லாம் வல்லவனுக்கு இரும்புக் கதவு எதற்கு?"

அமெரிக்க நாட்டுச் செய்தியைக் கேள்விப்பட்டதும் நம் தோழர்கள் இப்படித்தான் கேட்பார்கள். கேட்கட்டும். கேள்வி கேட்டுப் பழகியவர்கள் நாம். மாதாகோயிலுக்குக் கம்பி வேலி, யூதர் தொழுகைக் கூடத்துக்குக் கண்காணிப்புக் கேமரா, பள்ளிவாசலுக்கு உறுதியான கதவு, குருத்துவாராவுக்குக் காவலாள்! இவை அத்தனைக்கும் சர்க்கார் கஜானாவிலிருந்து பணம் தருகிறார்கள் என்றால், கேலி பேச நாக்கு துடிக்கத்தான் செய்யும். பேசிச் சிரித்துவிட்டு ஏட்டை மடித்து வைத்துவிடலாம். எளிதான வேலை அது.

ஆனால், தோழர்களே, அந்தக் கதவு கடவுளுக்காகப் போடப்படுவதல்ல. கடவுளைச் சுட எவனும் துப்பாக்கி தூக்கிக்கொண்டு வருவதில்லை. அவரை நம்பி வந்து மண்டியிட்டிருக்கிறாளே கிழவி, அவளைச் சுடத்தான் வருகிறான்.

2012 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை. விஸ்கான்சின் மாநிலத்திலே ஓக் கிரீக் என்ற ஊர். சீக்கியர்களின் குருத்துவாரா. வருவோர்க்கெல்லாம் சோறு போடும் வழக்கம் அவர்களுக்கு உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. அடுப்படியிலே பெண்கள் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே வெள்ளை நிறவெறி பிடித்த ஒருவன், பட்டாளத்தில் இருந்தவன், துப்பாக்கியோடு வந்து இறங்குகிறான். வாசலில் விளையாடிய பிள்ளைகள் பார்த்துவிட்டு உள்ளே ஓடிச் சேதி சொல்கிறார்கள். பெண்கள் சாமான் அறைக்குள் ஒடுங்கிக்கொள்கிறார்கள். கோயிலின் தலைவர், 65 வயது முதியவர், கையில் அகப்பட்ட சிறு கத்தியோடு எதிர்த்து நின்று மாண்டார். அன்று இறந்தவர்கள் 6 பேர். காயத்தோடு படுத்த படுக்கையாய்க் கிடந்த ஏழாமவர் 2020இல் கண் மூடினார். ஓடி வந்த போலீஸ் அதிகாரி ஒருவர் உடலில் 15 குண்டுகள் பாய்ந்தும் பிழைத்தார்.

தலைப்பாகையும் தாடியும் கண்ணில் பட்டன. அவனுக்கு அது போதும். அந்த அடுப்படியில் நின்றவர்களைக் காப்பாற்ற ஒரு கதவு, ஒரு பூட்டு, ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னால், "உன் கடவுள் எங்கே போனார்?" என்று அவர்களிடம் கேட்பது பகுத்தறிவாகாது. பகுத்தறிவு மனிதனைப் பற்றிக் கவலைப்படும். ஆகவே கேலியை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பணத்தின் கதைக்கு வருகிறேன்.

2001 செப்டம்பர் 11ஆம் நாள் நடந்த கொடுமைக்குப் பிறகு அமெரிக்காவில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை என்று ஒன்றைப் பெரிதாக எழுப்பினார்கள். அதன் கீழே, புயலுக்கும் வெள்ளத்துக்கும் நிவாரணம் தரும் கூட்டாட்சி அமைப்பு ஒன்று வைக்கப்பட்டது. அதன் மூலமாக 2005இல் ஒரு மானியத் திட்டம் தொடங்கினார்கள். லாப நோக்கமற்ற அமைப்புகள், அதாவது வழிபாட்டு இடங்கள், பள்ளிகள், மருத்துவ நிலையங்கள், தொண்டு நிறுவனங்கள், தாக்குதலுக்கு ஆளாகும் ஆபத்தில் இருந்தால் பாதுகாப்புச் சாதனங்களுக்குப் பணம். முதலாண்டில் ஒதுக்கியது 2 கோடியே 50 லட்சம் டாலர். 2019இல் 6 கோடி. 2021இல் 18 கோடி. 2023இல் 30 கோடியே 50 லட்சம். அமெரிக்காவில் வெறி எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதை அளக்க வேறு அளவுகோல் தேட வேண்டாம். இந்தக் கணக்கே போதும்.

இடையிலே ஓர் எதிர்ப்புக் குரல். அதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். நம் பாசறையிலிருந்தும் எழக்கூடிய குரல்தான் அது. மதம் வேறு, அரசு வேறு என்று 1791ஆம் ஆண்டிலேயே அரசியல் சட்டத் திருத்தத்தில் எழுதிவைத்த நாடாயிற்றே! வரி கட்டுபவன் பணத்தை எடுத்துக் கோயில் மதிலுக்குக் கொட்டலாமா?

இதே போன்ற கேள்வி 1947இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நியூ ஜெர்சி மாநிலத்தில் கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தைப் பெற்றோருக்குச் சர்க்கார் திருப்பித் தரலாமா என்ற வழக்கு. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். மதத்துக்கும் அரசுக்கும் நடுவே உயர்ந்த சுவர் இருக்கவேண்டும் என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்ன அந்தத் தீர்ப்பே, போலீசும் தீயணைப்புப் படையும் மாதாகோயிலுக்குப் போகக் கூடாது என்பது அதன் பொருளல்ல என்றும் சொல்லிற்று. சரியான பேச்சு! கோயில் பற்றி எரிகிறபோது, "நாங்கள் மதச் சார்பற்றவர்கள்" என்று தண்ணீர் வண்டியைத் திருப்பி ஓட்டுவானா? பூசைக்குப் பணம் கொடுப்பது வேறு, பூசைக்கு வந்தவனின் உயிரைக் காப்பது வேறு. முன்னது அரசின் வேலையல்ல. பின்னது அரசின் முதல் வேலை.

முதல் வேலை என்றேன். என் சண்டையே அங்கேதான் தொடங்குகிறது. முதல் வேலையாக இருக்கவேண்டியதை ஒரு பரீட்சையாக ஆக்கிவிட்டார்கள்!

ஆம், பரீட்சைதான். மதிப்பெண் உண்டு, தேர்ச்சி உண்டு, தோல்வி உண்டு. பணம் வேண்டும் கோயில் முதலில் தன் கட்டடத்தின் பலவீனங்களை ஆராய்ந்து அறிக்கை தயாரிக்கவேண்டும். எந்த ஆபத்துக்கு எந்தச் சாதனம், அதன் விலை என்ன, எத்தனை மாதத்தில் பொருத்துவீர்கள் என்று படிவம் நிரப்பவேண்டும். மாநிலத்து அலுவலகத்துக்கு அதை அனுப்பவேண்டும். அவர்கள் மதிப்பெண் போட்டு மத்திய அரசுக்கு அனுப்புவார்கள். மத்திய அரசு தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்த பிறகும் வேலிக்குக் குழி தோண்டிவிட முடியாது. சுற்றுச்சூழலுக்குக் கேடு உண்டா, பழமைச் சின்னத்துக்குக் கேடு உண்டா என்ற ஆய்வு முடியவேண்டும். 2023இல் மனுப் போட்டவர்களில் பாதிப் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. தேறாதவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த ஆண்டு வரை கொலைகாரன் காத்திருப்பான் என்று எண்ணமா?

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றுண்டு. தேர்வானவர்களுக்கு இந்தப் பணம் முன்கூட்டி வருவதில்லை. முதலில் நீ செலவு செய், ரசீதைக் காட்டு, பிறகு திருப்பித் தருகிறோம் என்பது ஏற்பாடு. 2024இல் ஓரிடத்துக்கு 2 லட்சம் டாலர் வரை கேட்கலாம் என்றார்கள். கேட்கலாம், யார்? 2 லட்சம் டாலரைக் கைவசம் வைத்திருப்பவன் கேட்கலாம்! பணம் உள்ளவனுக்குப் பணம், இல்லாதவனுக்குப் படிவம்!

ஏழைக் கறுப்பர் வட்டாரத்துச் சிறு சபை ஒன்றை மனத்திலே நிறுத்திப் பாருங்கள். மூடிப்போன கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து நடத்துகிறார்கள். பாதிரியார் வார நாட்களில் பஸ் ஓட்டுகிறார். அவர் மனைவி ஆஸ்பத்திரியிலே தரை துடைக்கிறார். ஞாயிறு காணிக்கை வாடகைக்கும் மின்சாரத்துக்கும் சரியாகப் போய்விடும். இந்தப் பாதிரியார் ஆபத்து ஆய்வறிக்கை தயாரிக்க எந்த நிபுணரை அமர்த்துவார்? மனு எழுதவே ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தோடு இவர் எப்படிப் போட்டியிடுவார்? முதன்முறை மனுப் போடுபவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தருகிறோம் என்று விதி செய்தார்கள். நல்லதுதான். மனுப் போடத் தெரிந்தவனுக்குத்தானே அந்த மதிப்பெண்?

தொடக்க ஆண்டுகளில் இந்தப் பணத்தின் பெரும்பகுதி யூத அமைப்புகளுக்குப் போயிற்று. இதைக் காட்டி யூதர்மேல் பாயும் கூட்டம் ஒன்று அந்த நாட்டில் உண்டு. அந்தக் கூட்டத்தோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே உள்ள யூதர்கள்தாம், மத வெறியால் நடக்கும் குற்றங்களில் மிகுதியும் அடிபடுகிறார்கள் என்று அந்நாட்டு எஃப்.பி.ஐ. ஆண்டுதோறும் கணக்குச் சொல்கிறது. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரத் தொழுகைக் கூடத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றானே! அவர்கள் ஒன்றுகூடினார்கள், கேட்டார்கள், பெற்றார்கள். கேட்கத் தெரிந்தது குற்றமல்ல. ஆனால் கேட்கத் தெரியாதவனை விட்டுவிடுவது ஆட்சியின் குற்றம்.

கேட்கத் தெரியாதவர்கள் என்று சொன்னேனே, அவர்களின் வரலாறு என்ன சாதாரணமானதா? 1963 செப்டம்பர் 15. பர்மிங்ஹாம் நகரில், பதினாறாம் தெருக் கறுப்பர் மாதாகோயிலில் வெடித்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். வைத்தவர்களில் முதல் ஆளைத் தண்டிக்க 1977 வரை ஆயிற்று. கடைசி ஆளைத் தண்டிக்க 2002! அந்த மக்களிடம் போய், "உங்களுக்கு ஆபத்து உண்டு என்பதை நிரூபித்து மனுப் போடுங்கள்" என்பதா?

இன்னொன்று. முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மானியம் பெருநகர வட்டாரங்களுக்கு மட்டுமே என்று வைத்திருந்தார்கள். 2018இல்தான் மற்ற ஊர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். சிற்றூருக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தார்கள் போலும். 2017 நவம்பரிலேயே வந்துவிட்டான் ஒருவன்! அந்தக் கதையைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நியூயார்க்கில் ஃபிளஷிங் என்ற பகுதியிலே 1977 முதல் பிள்ளையார் கோயில் ஒன்று நிற்கிறது. தமிழர்கள் முன்னின்று எழுப்பியது. கலிபோர்னியாவில் இந்துக் கோயில்களின் சுவர்களில் 2023இலும் 2025இலும் வசை எழுதிப் போனார்கள். வேலை தேடிப் போன நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சுவர்களுக்குள்தான் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள்.

2025இல் இந்தத் திட்டத்துக்கு 27 கோடியே 45 லட்சம் ஒதுக்கினார்கள். ஆனால் அந்த ஆண்டு நடந்த கூத்து பெரிது. ஆட்சி மாறியது. மானியங்களையெல்லாம் மறுபடி பரிசீலிக்கிறோம் என்று மார்ச்சு மாதத்தில் திருப்பித் தரவேண்டிய பணத்தை நிறுத்தி வைத்தார்கள். சர்க்கார் சொல்லை நம்பிக் கடன் வாங்கிக் கதவு போட்டவன் கதி? அத்தோடு நின்றதா! உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் மானியங்களோடு, குடியேறியவர்களைப் பிடிக்கும் வேலைக்கு ஒத்துழைக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. 20 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. மாநிலங்கள்மீது இப்படி நிபந்தனை சுமத்தியது சட்டத்துக்குப் புறம்பானது என்று ரோட் ஐலண்டிலிருந்து கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தார். மத்தியில் குவிந்த பணம் மாநிலத்துக்குத் திரும்பும்போது கயிறு கட்டித்தான் திரும்பும். இந்தப் பாடம் நமக்குப் புதிதல்லவே!

அந்தக் கயிறு யார் கழுத்துக்கு? வயலிலே தக்காளி பறிக்கிறவன், ஓட்டலிலே தட்டுக் கழுவுகிறவன், கட்டடத்திலே சாந்துச் சட்டி சுமக்கிறவன், இவர்கள் கூடுகிற கோயில்கள் உண்டு. "உன் வாசலுக்குப் பூட்டுத் தருகிறேன், உள்ளே இருப்பவனைக் காட்டிக்கொடு" என்றால், அந்தப் பூட்டு எதற்கு?

சரி, பணம் வந்துவிட்டது, கதவும் போட்டாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கதவு காக்குமா?

காக்கும். இதில் எனக்கு ஐயமில்லை. அமெரிக்காவுக்கு வெளியே இதற்கு நல்ல சான்று உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரில் 2019 அக்டோபர் 9, யூதரின் நோன்பு நாள். உள்ளே ஐம்பது பேர் அளவில் தொழுதுகொண்டிருந்தார்கள். வெளியே காவலுக்குப் போலீஸ்காரர் ஒருவரும் இல்லை. வந்தவன் கதவைச் சுட்டான், வெடிவைத்தான், கதவு அசையவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் அவன் திரும்பி வீட்டுக்கா போனான்? தெருவிலே போன ஒரு பெண்ணைச் சுட்டான். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலே நின்ற ஓர் இளைஞனைச் சுட்டான். கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு எந்த மானியம்?

அமெரிக்காவுக்கே திரும்புவோம். 2025 ஆகஸ்ட் 27, மினியாபொலிஸ். பள்ளிப் பிள்ளைகள் மாதாகோயிலில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தார்கள். வழிபாடு தொடங்கியதும் கதவைப் பூட்டும் வழக்கம் அங்கே இருந்தது. அன்றும் பூட்டினார்கள். அதனால் பல உயிர்கள் தப்பின. சன்னல் கண்ணாடி வழியாகக் குண்டு வந்தது. 8 வயது, 10 வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் மாண்டனர்.

கதவைத் திறந்து நாமே வரவேற்றவனை என்ன செய்வது? 2022 சனவரி 15, டெக்சஸ் மாநிலத்துக் கோலிவில். குளிரிலே வந்து நின்ற அந்நியனுக்கு யூதர் தொழுகைக் கூடத்தின் குரு தேநீர் போட்டுக் கொடுத்தார். குடித்தவன் துப்பாக்கியை எடுத்தான். நான்கு பேரைப் பிணையாகப் பிடித்தான். ஒருவரை இடையிலே விட்டான். பதினொரு மணி நேரத்தின் முடிவில் அந்தக் குருவே நாற்காலியைத் தூக்கி அவன்மீது எறிந்துவிட்டு மற்ற இருவரோடு தப்பினார். முன்பு பெற்ற பயிற்சிதான் காப்பாற்றியது என்றார் அவர். பயிற்சிக்குச் செலவிட்ட காசு வீண்போகவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சார்ல்ஸ்டன் நகரத்துக் கறுப்பர் மாதாகோயிலில் 2015 சூன் 17 இரவு வேறு விதமாக முடிந்தது. வேத பாடத்துக்குக் கூடியிருந்தவர்கள், முன்பின் அறியாத வெள்ளை இளைஞனுக்கு இடம் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரம் அளவும் அவர்களோடு உட்கார்ந்திருந்தான். கண்மூடிப் பிரார்த்தனை செய்தபோது சுட்டான். 9 பேர்! எந்தக் கேமரா தடுத்திருக்கும்? எந்த வேலி?

தடுத்திருக்கக்கூடியது ஒன்று இருந்தது, தோழர்களே. ஒரு தாள்!

அந்த நாட்டுச் சட்டப்படி துப்பாக்கிக் கடைக்காரன் வாங்குபவனைப் பற்றி மத்திய அரசிடம் விசாரிக்கவேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் விற்றுவிடலாம். சார்ல்ஸ்டன் கொலைகாரன் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைதானவன். அந்தப் பதிவு சரியாகக் கிடைத்திருந்தால் அவனுக்குத் துப்பாக்கி விற்றிருக்க முடியாது. விசாரித்த அலுவலர் வேறு போலீஸ் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழிந்தது. கடைக்காரன் விற்றான். மாண்டவர்களின் குடும்பத்தாருக்கும் தப்பியவர்களுக்கும் 2021இல் அமெரிக்க சர்க்கார் 8 கோடியே 80 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

சிற்றூர்க் கதை ஒன்றை நிறுத்தி வைத்தேனே, அது டெக்சஸ் மாநிலத்துச் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ். சில நூறு பேர் வாழும் ஊர். 2017 நவம்பர் 5, ஞாயிறு வழிபாட்டில் 26 உயிர்கள் போயின. கருவிலிருந்த குழந்தையையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. சுட்டவன் விமானப்படையில் இருந்தபோது மனைவியையும் அவளுடைய சின்னஞ்சிறு மகனையும் அடித்து, இராணுவ வழக்குமன்றத்தால் தண்டிக்கப்பட்டவன். அந்தத் தண்டனையை மத்தியப் பதிவேட்டுக்குத் தெரிவிக்கவேண்டியது விமானப்படையின் கடமை. தெரிவிக்கவில்லை. கடையிலே விசாரித்தபோது, "ஆட்சேபணை இல்லை" என்று பதில் வந்தது. சர்க்காரின் பொறுப்பு நூற்றுக்கு அறுபது பங்கு என்று 2021இல் நீதிபதி கணக்கிட்டார். கொலைகாரனுக்கு நாற்பது, சர்க்காருக்கு அறுபது! 2023இல் 14 கோடியே 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று.

கூட்டிப் பாருங்கள். இரண்டு தாள்கள் போகவேண்டிய இடத்துக்குப் போகாததற்கு 23 கோடியே 25 லட்சம் டாலர். நாடு முழுவதிலும் உள்ள கோயில், பள்ளி, தொண்டு நிலையம் அத்தனைக்கும் சேர்த்து 2021இல் தந்த பாதுகாப்பு மானியம் 18 கோடி! ஒரு கையால் வேலிக்குக் காசு எண்ணுகிற சர்க்கார், மறு கையால் வேலி தாண்டுகிறவனுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறது.

வேலிப் பணத்தை நிறுத்து என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். கொடு, இன்னும் கொடு என்கிறேன். ரசீது கேட்டுத் திருப்பித் தராதே, முன்பணமாகக் கொடு. மனு வரட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்திராதே. கடைக் கட்டடத்துச் சபைக்கும் மூலைத்தெருப் பள்ளிவாசலுக்கும் உன் அலுவலனை அனுப்பி, பலவீனம் எங்கே என்று நீயே பார்த்து எழுது. தீயணைப்பு வண்டியை அழைக்க எவனும் ஆய்வறிக்கை தயாரிப்பதில்லை, மதிப்பெண் வாங்குவதுமில்லை. உள்ளே இருப்பவனின் குடியுரிமைத் தாளைக் கேட்காதே. அத்தோடு, உன் பதிவேட்டை ஒழுங்காக வை, அந்த மூன்று நாள் வாசலை அடை.

அடைக்க முயன்றார்கள். மூன்று நாளைப் பத்து நாளாக்கும் மசோதா 2019இல் கீழ்ச்சபையில் நிறைவேறியது. 2021இல் மறுபடியும் நிறைவேறியது. இரண்டு முறையும் மேல்சபையைத் தாண்டவில்லை. கடைசியாக 2022இல் ஒரு சட்டம் வந்தது. அதில் பத்து நாள் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கு? 21 வயது நிறையாதவர் வாங்க வந்தால், அதுவும் இளவயதுக் குற்றப் பதிவு இருக்கலாம் என்று தோன்றினால். சார்ல்ஸ்டன் கொலைகாரன் அந்தத் துப்பாக்கியை வாங்கியபோது அவனுக்கு வயது 21.